இடது பின் சக்கரத்தில் காற்று

பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். பதினெட்டாவது முறையாக பிரேக் பெடலை மிதித்துப் பிடித்திருந்தாள் கோகிலவாணி. காருக்கு இன்னும் கதவில்லை, கண்ணாடியில்லை. இரும்புச் சட்டத்தின் மேல் பழைய சோபாவிலிருந்து உருவிய பஞ்சுத் துண்டு ஒன்றைப் போட்டு அதில் அவளை உட்கார வைத்திருந்தார்கள், அதாவது உட்கார வைத்திருந்தார், அவள் கணவர் மயில்சாமி. அவர் பின்னால் இடது சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்திருந்தார். முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். மிதி என்றால் மூன்று முறை மிதிக்க வேண்டும். புடி என்றால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது அவர், சக்கரத்தின் டிஸ்க் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிபரில் இருக்கும் சின்ன நிப்பிளை ஸ்பேனரால் கால் சுற்றுத் திறப்பார், பிரேக் ஆயில் டியூப் வழியாகப் பாட்டிலில் இறங்கும், உள்ளே சிக்கியிருக்கும் காற்றும் கூடவே வெளியேறும், பெடல் காலுக்கடியில் சேற்றில் இறங்குவதுபோல இறங்கும். நிப்பிளை மூடிவிட்டு விடு என்பார். காலை எடுக்கலாம். காற்று முழுக்கப் போய்விட்டால் பெடல் கல் மாதிரி நிற்கும், அவ்வளவுதான் விஷயம். ஒற்றை ஆளாகச் செய்ய முடியாத வேலை. அதனால்தான் கூப்பிட்டிருக்கிறார். ஐந்து வருடமாகப் பட்டறை வேலை எதற்கும் அவளைக் கூப்பிடாதவர், இன்று, அவளுடைய லீவு நாளில், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, சித்த வந்து பெடல்ல உக்காரு என்றார். ஏதோ நேற்றும் கூப்பிட்டது போல, சாதாரணமாக. அவள் பாத்திரங்களை ஊறப்போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

விடு என்றது குரல். விட்டாள். மெட்டி பெடல் விளிம்பில் பட்டுப் பட்டு விரல் சிவந்திருந்தது. கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம், ஆனால் மெட்டியைக் கழற்றி எங்கே வைப்பது, கழற்றுவதே சரியில்லை, இந்த நேரத்தில் அந்த யோசனையே சரியில்லை. தகரக் கூரை மேல் காக்காய் நடக்கும் சத்தம் கேட்டது. பிரேக் ஆயிலின் நெடி, விளக்கெண்ணெயில் ஏதோ மருந்தைக் கலந்தாற்போல, தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. பதினெட்டாவது முறை முடிந்தபோது அவர் கேட்டார், கெட்டியாச்சா? ஆச்சுங்க, என்றாள். சரி, கடைசியா சும்மா ஒருக்கா, அப்பறம் வீலை மாட்டிரலாம் என்றார், குரலில் ஒரு இளக்கம் இருந்தது, அந்த இளக்கத்தைக் கேட்டுத்தான் எத்தனை நாளாயிற்று என்று அவள் நினைத்தாள். உண்மையில் பெடல் கெட்டியாகவில்லை. மிதித்து மிதித்துப் பிடித்தால் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை எடுத்து, பத்து எண்ணி, மறுபடி மெதுவாக வைத்தால் பாதிவரை இறங்குகிறது. ரப்பர் பந்தை மிதிப்பதுபோல அடியில் ஏதோ இருக்கிறது, தள்ளுகிறது, ஆனால் தாங்கவில்லை. பதினெட்டு முறையும் அப்படித்தான். அவர் கேட்டது கெட்டியாச்சா என்று, மிதித்த கையோடு கேட்டார், அந்த நொடிக்கு அது கெட்டிதான், ஆகவே சொன்னது முழுப் பொய்யில்லை என்று ஒரு பக்கம் மனசு சொல்லிப் பார்த்தது. கம்பெனியில் ஒரு நாளைக்கு இருபது பேர் இதே மாதிரி அவளிடம் சொல்லிப் பார்ப்பார்கள், முழுத் தப்பில்லீங்க மேடம் என்று. அந்தப் பேச்சுக்காக அவள் யாரையும் விட்டதில்லை.

கோகிலவாணிக்கு பம்ப் கம்பெனி ஒன்றில் உள்வரும் சரக்கைச் சோதிக்கும் வேலை, பத்தொன்பது வருடமாக. பத்தொன்பது. இன்று பெடலும் பத்தொன்பதாகப் போகிறது. இப்படி எண்ணுவதை விட்டுத் தொலைக்க வேண்டும், எதையாவது எண்ணினால்தான் நிம்மதி என்று ஆகிவிட்டது, ரோட்டில் போனால் லைட் கம்பத்தை எண்ணுகிறாள். மைக்ரோமீட்டரும் கேஜும் வைத்த ஒரு மேசை, ஏற்பதற்குப் பச்சைச் சீட்டு ஒரு பக்கம், திருப்பி அனுப்புவதற்குச் சிவப்புச் சீட்டு ஒரு பக்கம். ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்த மேசைக்கு மயில்சாமியின் பட்டறையிலிருந்து நானூறு பம்ப் ஷாஃப்ட் வந்தது. காலையில் ஏழே முக்காலுக்கு, குளிர்ந்து கிடந்தது. எடுத்து அளந்தாள், இருக்க வேண்டியதைவிட ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு சன்னமாக இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும். அவர் முந்தின நாள் லேத்திலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்திருக்கிறார், சூட்டில் இரும்பு விரிந்திருக்கும், அளவு சரியாகக் காட்டும், ராத்திரி ஆறினதும் சுருங்கும். நான் அளந்தப்ப சரியா இருந்துச்சு என்று அவர் சொன்னதும் உண்மை, இப்ப சரியில்லீங்க என்று அவள் சொன்னதும் உண்மை. சிவப்புச் சீட்டு ஒட்டினாள். வேறு ஒருவர் சரக்காக இருந்தால், இவ்வளவு சின்ன விலகலுக்கு, மேலதிகாரிக்கு ஒரு சீட்டு எழுதி, அப்படியே எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டிருப்பாள். மாதத்துக்கு நாலைந்து அப்படி எழுதுகிறவள்தான். அன்று எழுதவில்லை. ஸ்டோரில் இருந்த ஒருத்தர், வீட்டுக்காரர் சரக்கு வந்திருக்குது, மேடத்துக்கு இன்னைக்கு மைக்ரோமீட்டர்ல எழுத்துத் தெரியாது என்று சிரித்திருந்தார், அந்தச் சிரிப்பு காதில் இருந்தது, பேனா அனுமதிச் சீட்டுப் பக்கம் போகவில்லை. அதை மயில்சாமியிடம் அவள் சொன்னதே இல்லை. அவர் கத்தியிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கத்தவில்லை. கம்பெனி அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்தியது, அவர் பட்டறைக்கு வேறு கம்பெனிகளில் வேலை பிடித்தார், அவளிடம் சாப்பாடு, கரண்ட் பில், மகளின் காலேஜ் எல்லாம் பேசினார், பட்டறையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அன்றிலிருந்து வீட்டில் அவள் எதையும் சரியில்லை என்று சொல்வதில்லை. ரசத்துக்கு உப்புப் போதுமா என்றால்கூடப் போதும்தான்.

மிதி என்றது குரல். மிதித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. புடி. பிடித்தாள். கீழே ஆயில் பாட்டிலில் சொட்டும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. இந்தக் காரே மகளுக்காகத்தான். கிட் கார் என்றால் பெட்டிகளில் வரும் கார். குழாய்ச் சட்டகமும் ஃபைபர் உடம்பும் புனேயிலிருந்து லாரியில் வந்து இறங்கின, எஞ்சின், ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் நாமே பழைய கார்களிலிருந்து தேடிப் பொருத்திக்கொள்ள வேண்டும். கணபதி பகுதியில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு லேத் போட்டுப் பிழைக்கிற ஆளுக்கு இது எதுக்கு என்று தெருவே கேட்டது. ஊருல பொண்ணுக்கு நகை சேக்கறாங்க, நான் கார் சேக்கறேன் என்றார் மயில்சாமி. தாரணிக்கு இருபது வயது, சென்னையில் ஆட்டோமொபைல் படிக்கிறாள், காலேஜ் டீமில் சின்ன ரேஸ் வண்டி ஓட்டுகிறாள், கியரை மாற்றும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். வருகிற ஞாயிறு செட்டிபாளையம் ரேஸ் ஓடுதளத்தைச் சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள், சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறாள். நேற்று போனில், அப்பா பிரேக் வெச்சிருக்காரா இல்ல நான் செருப்பைத் தேச்சு நிறுத்தணுமா என்று கேட்டாள். மயில்சாமி போனைப் பிடுங்கி, உங்கம்மா ரோட்டுல நிக்கும், பாத்தாலே வண்டி தானா நின்னுரும் என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவள் நேராக ஓடும் தூரத்தின் கடைசியில், நூற்றி முப்பது கிலோமீட்டர் வேகத்தில், காலைப் பெடலில் வைக்கிறாள். முந்தின திருப்பத்திலிருந்து அங்கே வரப் பத்து எண்ணும் நேரமாகும், அதற்குள் பெடல் இளகியிருக்கும், பாதி இறங்கும். மறுபடி மிதிப்பாள். இரண்டாவது மிதியில் பிடிக்கும். முதல் மிதிக்கும் இரண்டாவது மிதிக்கும் நடுவில் ஒரு வினாடி. ஒரு வினாடிக்கு முப்பத்தாறு மீட்டர். கணக்குப் போடாதே என்று தனக்கே சொன்னாள். முப்பத்தாறு மீட்டர் என்றால் இந்த ஷெட்டிலிருந்து தெருமுனை இட்லிக்கடை வரைக்கும்.

விடு. விட்டாள். பின்னால் அவர் நிப்பிளின் மூடியைப் போட்டுக்கொண்டிருந்தார், ரப்பர் மூடி விரலில் வழுக்க, ச்சீ என்று அதைக் கொஞ்சலாகத் திட்டினார். அந்தப் பின் காலிபரோடு அவர் பட்ட பாடு அவளுக்குத் தெரியும், அவளிடம் சொல்லித் தெரியவில்லை, சாப்பிட வரும் நேரத்தை வைத்தும், போனில் தாரணியிடம் அவர் சொல்வது காதில் விழுந்தும் தெரியும். பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள பெரிய கார் ஒன்று எங்கேயோ மோதி நசுங்கி உக்கடத்துப் பழைய சாமான் கடைக்கு வந்திருந்தது, அதிலிருந்து பின் காலிபர் இரண்டையும் தன் கையாலேயே கழற்றிக்கொண்டு வந்தார். கொண்டுவந்து வைத்தால் சக்கரத்தின் உள்விளிம்பில் இடித்தது. விளிம்பைத் தொடாமல் காலிபரின் முதுகைச் சீவினார், ஒன்றரை மில்லி. இடிப்பது நின்றதும் டிஸ்க் நடுவில் வரவில்லை, ஒரு பக்கமாக உரசியது. பித்தளைத் தகட்டில் வளையம் வெட்டி, ஒன்று வைத்து, இரண்டு வைத்து, மூன்றாவதில் நடுவுக்கு வந்தது. அதற்குப் பிறகு பெரிய சிக்கல், பழைய காரில் காலிபர் அச்சுக்குப் பின்பக்கம் உட்காரும், இதில் பின்பக்கம் ஒரு தாங்கு கம்பி குறுக்கே வருகிறது. அதை அச்சுக்கு முன்பக்கமாக மாற்றிப் பொருத்தினார், அதற்கு பிராக்கெட்டை அவரே அறுத்துக் கடைந்தார். அன்று ராத்திரி தோசைக்குப் பொடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அவ்வளவு சந்தோஷம். எல்லாவற்றிலும் புள்ளி. சிவப்புச் சீட்டுக்குப் பிறகு வந்த பழக்கம் அது. கழற்றும் ஒவ்வொரு சாமானிலும் கூர்முனைப் பஞ்ச்சால் தட்டிப் புள்ளி வைப்பார், ஒரு புள்ளி இடது, இரண்டு புள்ளி வலது, இந்தப் பட்டறையில் எவனும் வந்து இது தப்பு என்று சொல்ல முடியாது என்று லேத்தைப் பார்த்துச் சொன்னார், அவள் அப்போது காபி வைக்க வந்திருந்தாள். உக்கடத்திலேயே, கடைக்காரர் காத்துக்கொண்டு நிற்க, காலிபரில் புள்ளி வைத்துவிட்டுத்தான் கழற்றினாராம். ஒரு புள்ளி இடதுக்கு வந்தது, இரண்டு புள்ளி வலதுக்கு வந்தது. இதில் எங்கே தப்பு வர முடியும்.

ஆனாலும் காற்று இருக்கிறது. அவள் காலைத் தூக்கி, பத்து எண்ணி, மெதுவாக வைத்தாள். இறங்கியது. காலுக்குத் தெரிகிறது. எங்கே இருக்கும் அது, எதற்கு வெளியே வராமல் உட்கார்ந்திருக்கிறது, பத்தொன்பது தடவை கதவைத் திறந்துவிட்டும் போகவில்லை என்றால் கதவு பக்கம் அது வரவேயில்லை என்று அர்த்தம். வீடு கட்டும்போது கொத்தனார் ஒருவர், கருணாகரன் என்று பெயர், மட்டம் பார்க்க நீளமான டியூப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்பார். டியூப் நடுவில் ஒரு குமிழி நின்றுவிட்டால் மட்டம் தப்பாகக் காட்டும். அவர் டியூப்பின் ஒரு முனையை உயரத் தூக்கி, விரலால் சுண்டுவார், குமிழி தயங்கித் தயங்கி மேலே ஏறி வந்து டப் என்று காணாமல் போகும். ஒருநாள் அவள் டியூப்பைத் தாழ்த்திப் பிடித்துவிட்டாள், ஏனுங்க மேடம், காத்து என்ன தண்ணியா, கீழ இறங்கறதுக்கு என்றார். அப்போது வயிற்றில் தாரணி ஆறு மாதம், வெயில், மணல் குவியலில் உட்கார்ந்து சிரித்தாள். காற்று மேலேதான் போகும். மேலே. மத்தியானம் முதல் முறை படுத்ததும் மயில்சாமி சொன்னாரே, இதுல நிப்பிள் தரையைப் பாத்தாப்ல இருக்குது, பாட்டிலை அடியில வெச்சா நேரா விழுகுது, வேலைக்கு எவ்வளவு சுகம் என்று. அவளும் சுகம்தான் என்றாளே. நிப்பிள் கீழே. ஆயில் கீழே வழியாகப் போகிறது, காற்று மேலே காலிபரின் முதுகுக்கடியில் குந்திக்கொண்டிருக்கிறது. பழைய காரில் பின்பக்கம் இருந்தது, அங்கே நிப்பிள் மேலே பார்த்திருக்கும். அதே காலிபரை அதே பக்கத்தில் முன்னால் கொண்டுவந்தால் தலைகீழாகத்தான் உட்காரும். இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டிருக்க வேண்டும். போட்டிருப்பார், கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருந்தால் போட்டிருப்பார், அவ்வளவு தெரியாதவர் இல்லை. புள்ளியைப் பார்த்தார். ஒரு புள்ளி இடது. அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று யோசிக்காதே.

சக்கரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. நான்கு போல்ட்டையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தார், வாயில் ஏதோ பழைய பாட்டு, மெட்டு மட்டும். சக்கரம் ஏறினால் அது பச்சைச் சீட்டு. அவர் திரும்பக் கழற்ற மாட்டார், வண்டியைத் தரையில் இறக்கி, துடைத்து, துணி போட்டு மூடி, தாரணி வரும்வரை தெருவில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். பிறகு சொல்லிக்கொள்ளலாம், சாயங்காலம் காபியோடு சொல்லலாம், தாரணியை விட்டுச் சொல்ல வைக்கலாம், அவள் மிதித்துப் பார்த்தால் அவளுக்கே தெரியும். தெரியுமா. அவசரத்தில் நாலு மிதி மிதித்து, சூப்பர்ப்பா என்பாள். அன்று அந்நியனிடம் இருப்பதைவிடக் கடுமையாக இருந்தாள், வீட்டுக்காரர் என்பதால். இன்று அந்நியனாக இருந்தால் முதல் மிதியிலேயே சொல்லியிருப்பாள், சொல்லாததும் வீட்டுக்காரர் என்பதால்தான். இரண்டு தடவையும் அவள் பார்த்தது சரக்கை இல்லை. முதல் போல்ட் சுற்றும் சத்தம் கேட்டது.

"வீலை மாட்டாதீங்க" என்றாள்.

பாட்டு நின்றது. "ஏன்?"

"கெட்டியாகலைங்க. ஆச்சுன்னு நான் சொன்னது பொய்."

அவர் எழுந்து முன்பக்கம் வந்து நின்றார், முழங்கையிலிருந்து விரல் வரை ஆயில், நெற்றியில் அட்டைப்பெட்டியின் வரி பதிந்திருந்தது.

"எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்தே."

"ரெண்டு மணி நேரமா இங்க உக்காந்துட்டு என்னம்மிணி பண்ணீட்டு இருந்தே?"

"பயந்துட்டு இருந்தேன்."

"வண்டிக்கா?"

"உங்களுக்குத்தான்."

அவர் குனிந்து, கையாலேயே பெடலை அழுத்திப் பார்த்தார். இறங்கியது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்து மறுபடி அழுத்தினார். அவள் இறங்கி, புடவையைச் செருகிக்கொண்டு, அட்டைப்பெட்டி மேல் அவர் படுத்திருந்த இடத்தில் மண்டியிட்டுப் பார்த்தாள். நிப்பிள் தரையைப் பார்த்துத் தொங்கியது, நுனியில் ஒரு சொட்டு. நிப்பிள் கீழே இருந்தால் காற்று எப்படி வரும் என்று கேட்டாள், பின்பக்கம் இருந்ததை முன்னால் கொண்டுவந்தால் பக்கத்தையும் மாற்ற வேண்டும் என்றாள், இதெல்லாம் சொல்லும்போது குரல் கம்பெனிக் குரலாக ஆகிவிட்டதை அவளே கவனித்தாள், நிறுத்த முடியவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலிபரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு விரலை அந்தப் புள்ளி மேல் வைத்து எடுத்தார்.

"புள்ளி வெச்சுட்டா யோசிக்க வேண்டியதில்லைன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

அவள் அனுமதிச் சீட்டைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் அதற்குள், அக்கட்டால இருக்கற பதினாலு நம்பர் ஸ்பேனரை எடு என்றார், எடுத்துக் கொடுத்தாள். இடது காலிபர் கழன்று வந்தது, வலது சக்கரத்தை இறக்கி அந்தக் காலிபரைக் கழற்ற இன்னொரு அரை மணி ஆயிற்று, ஹேண்ட் பிரேக் கம்பியை வேறு மாதிரி வளைக்க வேண்டியிருந்தது, பித்தளை வளையங்கள் இடம் மாறி ஒன்று கீழே விழுந்து உருண்டு லேத்துக்கடியில் போனது, அவள் விளக்குமாற்றால் தள்ளி எடுத்தாள். நிப்பிள் இரண்டும் இப்போது கூரையைப் பார்த்தன. மறுபடி பஞ்சுத் துண்டில் ஏறி உட்கார்ந்தாள். மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். மிதி, புடி. டியூப்பில் முதலில் ஆயில் வரவில்லை, காற்றுதான் வந்தது, கொப்புளம் கொப்புளமாக, சோடாவைத் திறந்த மாதிரி. வருது வருது என்றார் மயில்சாமி, அவருக்கே சொல்லிக்கொள்வதுபோல. இரண்டு பக்கமும் நான்காவது முறையில் கொப்புளம் நின்றது. ஏழாவது முறை கால் எங்கோ போய் முட்டி நின்றது, அதற்குமேல் போகவில்லை. காலை எடுத்துவிட்டுப் பத்து எண்ணினாள். வைத்தாள். நின்றது. இருபது எண்ணினாள். நின்றது.

"ஆச்சுங்க" என்றாள்.

அவர் சக்கரத்தைத் தொடவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, விரல் விரலாக, வெளிச்சம் போய்க்கொண்டிருந்த வாசலைப் பார்த்தபடி சொன்னார்: "காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னால ஒருக்கா வந்து மிதிச்சுப் பாரு. நீ சொன்னப்பறம் மாட்டிக்கறேன்."

2023 பிப்ரவரி ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கு தாரணி அந்தக் காரைச் செட்டிபாளையம் ஓடுதளத்தில் ஆறு சுற்று ஓட்டினாள். நான்காவது சுற்றில், முன்னால் போன வண்டி ஒன்று திருப்பத்தில் சுழன்று குறுக்கே நின்றபோது, அதற்கு ஒன்பது மீட்டர் தள்ளி நிறுத்தினாள்.